வேலிக்கு இரண்டு பக்கமும்

இராசலட்சுமியிடம் ஒரு குறை உண்டு. வாசலைத் தாண்டி வந்த எவரையும் வெறும் வயிற்றோடு திருப்பி அனுப்ப அவளால் முடியாது. மின்சார மீற்றர் பார்க்க வந்தவன், பிழையான முகவரிக்குப் பொதி கொண்டு வந்தவன், சமயப் புத்தகத்தோடு கதவைத் தட்டிய இரண்டு டெனிஷ் பெண்கள், எல்லாரும் அவள் கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் வந்த காரியத்தையே மறந்து, புட்டுக்கு மாவை எப்படிக் குழைப்பது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

இப்படிப்பட்டவளிடம் போய், கொம்மூன் என்கிற நகர நிர்வாகத்திலிருந்து மூன்று அதிகாரிகள் நிலம் பார்க்க வருகிறார்கள், கோப்பி மட்டும் வைத்தால் போதும் என்று மகள் நிஷாந்தி சொல்லியிருந்தாள். சொன்னவளுக்கு இருபத்தேழு வயது. பிறந்ததிலிருந்து தாயைத் தெரியும். தெரிந்தும் சொன்னாள் என்றால் அவளைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

விஷயம் சின்னதல்ல. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்தின் மேற்கு ஓரத்தில், பெருந்தெருவுக்குக் கிட்ட, இராசலட்சுமிக்கும் கணவன் மாமாங்கத்துக்கும் ஆறு ஹெக்டேர் நிலம் இருந்தது. மட்டக்களப்பிலிருந்து வந்து, இறைச்சித் தொழிற்சாலையின் குளிருக்குள் இருவரும் நின்று உழைத்து வாங்கிய நிலம். வெளியே லீக்ஸ், பூசணி, பீற்றூட், உருளைக்கிழங்கு. பொலித்தீன் கூடாரங்களுக்குள் மிளகாய், கத்தரி, பயற்றை, பாகல். ஒடென்சே வரைக்கும் உள்ள தமிழ்க் கடைகளுக்கும், கொம்மூனின் பள்ளிக்கூடச் சமையலறைகளுக்கும் அங்கிருந்து மரக்கறி போனது.

அந்தப் பக்கமாகத்தான் இப்போது சரக்குக் கிட்டங்கிகள் வளர்ந்து வந்தன. ஜன்னல் இல்லாத, முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத கட்டடங்கள். நகரத்தின் அடுத்த திட்டத்தில் மேற்குப் பக்கம் முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கப்படும் என்று ஊரெல்லாம் பேச்சு. விற்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தும் பலன் இல்லை. திட்டத்தில் கோடு விழுந்துவிட்டால், நட்டஈட்டைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்தக் கோடு விழ முன் கொம்மூன் ஒரு நல்ல காரியம் செய்தது. பொதுப்பணத்தில் ஒரு நிதி தொடங்கி, தங்கள் நிலத்தை என்றைக்கும் விவசாயத்துக்கே விட்டுவைக்கச் சம்மதிக்கிறவர்களுக்கு உதவி கொடுப்போம் என்று அறிவித்தது. ஆனால் கேட்கிற எல்லாருக்கும் கொடுக்கப் பணம் காணாது. மண்ணின் தரம், நகரத்துக்குக் கிட்ட இருப்பது, அங்கே என்ன விளைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டு வரிசைப்படுத்துவார்கள். மேற்குப் பக்கத்தில் முதலாவதாக வருகிற விண்ணப்பத்துக்கு மட்டும் காப்பு. இரண்டாவதாக வருகிறவரின் பாகற்பந்தல் இருந்த இடத்தில் லொறிகள் நிற்கும். மண் பார்க்கவும் புள்ளி போடவும்தான் அந்த மூவரும் வந்தார்கள்.

காலையில் அவர்கள் வந்து இறங்கியபோது வீடு மணத்தது. பயற்றங்காய்ப் பால்கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பாகற்காய்ச் சம்பல், பூசணிக்காய்க் கறி, கீரை, புட்டு, ஒரு பெரிய தாச்சி நிறைய மரக்கறி அடைத்துப் பொரித்த ரோல்ஸ். எல்லாம் இந்த மண்ணில் விளைந்தவை, புட்டு மாவும் ரோல்ஸ் மாவும் தேங்காயும் தவிர. நிலத்தைப் பார்க்க வருகிறவர்கள் அதில் என்ன விளைகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்பது இராசலட்சுமியின் நியாயம். பாதி நியாயம் இருக்கத்தான் செய்தது.

"அம்மா, இது லஞ்சம் மாதிரி இருக்கிது," என்றாள் நிஷாந்தி. வேலைக்கு லீவு போட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்திருந்தவள், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"சோறு எண்டா லஞ்சமா கா? புட்டுக்காக நிலத்த எழுதித் தாற ஆக்களும் இருக்கிறாங்களோ?"

அதிகாரிகளில் பெரியவள் லோனே என்ற உயரமான பெண். மழைச் சப்பாத்தும் வெட்டிவிட்ட நரைமுடியுமாக இருந்தாள். மற்ற இருவரும் ஆண்கள். ஒருவர் மண் ஆய்வுக்காரர், மற்றவர் நகரசபை உறுப்பினர். மூவரும் இரண்டு மணித்தியாலம் நிலம் முழுக்க நடந்தார்கள். துளையிட்டு மண்ணை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார்கள். கூடாரத்துக்குள் நுழைந்து பாகற்காயை ஆச்சரியத்தோடு தடவினார்கள். மாமாங்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர்களுக்குப் பின்னால் நடந்தார். அவர் பேச்சுக் குறைந்த மனிதர். வீட்டில் பேசுவதற்கு ஆள் இருந்ததால் அவருக்கு அந்தத் தேவை வரவில்லை.

எல்லாம் முடிந்து வீட்டுக்குள் வந்து மேசையைப் பார்த்ததும் லோனே வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நாங்கள் தொடக்கூடாது," என்றாள். அவள் டெனிஷில் சொன்னதை நிஷாந்தி தமிழில் சொன்னாள். "பொதுப்பணத்துக்கு யார் முன்னால், யார் பின்னால் என்று வரிசை போட வந்தவர்கள் நாங்கள். ஒரு வீட்டில் சாப்பிட்டோம், இன்னொரு வீட்டில் சாப்பிடவில்லை என்று நாளைக்கு யாராவது கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. தண்ணீர் தந்தால் குடிப்போம்."

நகரசபை உறுப்பினர் ரோல்ஸ் தாச்சியைப் பார்த்து ஒரு தரம் எச்சில் விழுங்கியதை இராசலட்சுமி கண்டாள். அந்த மனிதர் மேல் அவளுக்கு இரக்கம் வந்தது. மற்ற இருவர் மேல் கோபம் வந்தது. மூன்று கிளாஸ் தண்ணீரை மேசையில் 'டக்' என்று வைத்தாள்.

போகும் நேரத்தில் மாமாங்கம் வாயைத் திறந்தார். எங்கள் நிலம் எப்படி என்று மட்டும் கேட்டார்.

லோனே கொஞ்சம் யோசித்தாள். "நல்ல மண். நல்ல விளைச்சல். ஆனால் ஆறு ஹெக்டேர் தனியே ஒரு துண்டாக நிற்கிறது. ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற பெரிய பரப்புக்குத்தான் அதிகப் புள்ளி. சுற்றிவரக் கட்டடம் வந்துவிட்டால் ஒரு சின்னத் துண்டு நிலம் கனகாலம் தாங்காது. இது அறிவித்தலிலேயே இருக்கிறது. அதற்கு மேல் நான் சொல்லக்கூடாது."

அவர்களின் கார் தெருவில் ஏறி, பெருந்தெருப் பக்கம் போகாமல் அடுத்த வளவுக்குள் திரும்பியது. அது ப்ரீபனின் வளவு.

ப்ரீபன் அறுபது தாண்டிய தனிக்கட்டை. இருபத்துச் சொச்சம் ஹெக்டேரில் பார்லியும் கோதுமையும் போடுகிறவர். இரண்டு நிலங்களுக்கும் நடுவில் முள்மரங்களை நெருக்கமாக நட்டு வளர்த்த வேலி ஒன்று இருந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த வேலிக்கு மேலால் மாமாங்கமும் அவரும் கையை உயர்த்திக் காட்டுவார்கள். அதோடு சரி.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர்கள் குடிவந்த முதல் தைப்பொங்கலன்று இராசலட்சுமி ஒரு பீங்கான் தட்டு நிறையப் பொங்கலும் வடையும் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் காலை தட்டு அவர்களின் வாசற்படியில் இருந்தது. பளபளவென்று கழுவி, வெறுமையாக. சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவதா? இரண்டு முட்டை வைத்திருக்கலாம். இரண்டு உருளைக்கிழங்காவது வைத்திருக்கலாம். ஒரு கரண்டி சீனி போட்டிருந்தால்கூட அவள் மனம் ஆறியிருக்கும். இனி எங்கள் பக்கம் வராதே என்று முகத்துக்கு நேரே சொன்னது போல அவளுக்கு இருந்தது. அன்றோடு அந்த வளவை அவள் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது குசினி ஜன்னலால் எட்டி எட்டிப் பார்த்தாள். கார் நின்றது நின்றபடியே நின்றது.

"அங்க என்னத்தக் குடுத்து வச்சிருக்கிறானோ தெரியா. என்ட புட்டத் தொடாதவங்க அங்க இருந்து விழுங்கிறாங்க பாரு."

"அம்மா, அவரும் விண்ணப்பம் போட்டிருப்பார். நிலம் பாக்கப் போயிருப்பாங்க," என்றாள் நிஷாந்தி.

"அவனா? அவனுக்குப் புள்ள குட்டி இல்ல. கிட்டங்கிக்காரன் வந்து விலை சொன்னதும் வித்துப்போட்டுப் போயிடுவான்."

மாமாங்கமும் அப்படித்தான் நினைத்திருந்தார். அறிவித்தல் வந்த அன்றே, இரண்டு நிலத்தையும் சேர்த்துக் கேட்டால் என்ன என்று அவர் மனதில் பட்டது. ஆனால் எப்படிப் போய்க் கேட்பது? உன் நிலத்தை நல்ல விலைக்கு விற்காதே, எனக்காகக் கட்டிப் போடு என்று அயலவனிடம் கேட்கிறது மரியாதையா? கேட்காமல் விட்டார். இப்போது வாசலில் உட்கார்ந்து சப்பாத்துச் சேற்றைச் சுரண்டிக்கொண்டு, "முதலாவதா வரமாட்டம் போல இருக்கிது," என்று மட்டும் சொன்னார்.

அதைக் கேட்டதும் இராசலட்சுமி அவர் கையைப் பார்த்தாள். அவர் சுரண்டுகிற அந்தச் சேறும் தங்களுடையது இல்லாமல் போகப்போகிறது என்று நினைத்தாள். மேசையில் பதினைந்து பேருக்குக் காணும் சாப்பாடு கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. நிஷாந்தி குளிர்ப்பெட்டியைத் திறந்து இடம் பார்த்தாள்.

"அதுக்குள்ள வச்சா நான் நாளைக்கும் இதைப் பாக்க வேணும். வேணாம். யாராவது தின்னட்டும்."

"யாரு?"

கார் அப்போதுதான் ப்ரீபனின் வளவை விட்டு வெளியே போனது.

கோபம் வந்தால் மனிதர்கள் விசித்திரமான காரியங்கள் செய்வார்கள். பன்னிரண்டு வருஷம் எட்டிப் பார்க்காத வளவுக்கு இராசலட்சுமி, ஒரு கையில் கறிச்சட்டியும் மற்றக் கையில் ரோல்ஸ் தாச்சியுமாக, வேலியைச் சுற்றிக்கொண்டு விறுவிறென்று நடந்தாள். பின்னால் நிஷாந்தி புட்டுப் பானையோடு ஓடினாள். சமாதானம் பேசவா போகிறாள், சண்டை பிடிக்கவா போகிறாள் என்று இராசலட்சுமிக்கே தெரியாது.

ப்ரீபன் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால் மேசை தெரிந்தது. மேசையில் ஒரு பெரிய வட்டக் கேக். அதிலிருந்து மூன்று துண்டுகள் அளவாக வெட்டி மூன்று தட்டில் வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் கரண்டி படவில்லை.

"அவர்கள் தொடவில்லை," என்றார் ப்ரீபன். குரலில் அவ்வளவு கவலை. "நேற்று முழுக்க நின்று சுட்டேன்."

இராசலட்சுமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது. சட்டியைக் கீழே வைக்கக்கூட முடியாமல், அந்த வாசலில் நின்றபடி, வயிறு குலுங்கச் சிரித்தாள். நிஷாந்தி நடந்ததைச் சொன்னாள். ப்ரீபன் சட்டியைப் பார்த்தார், தாச்சியைப் பார்த்தார், பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார். அவர் சிரித்து அவர்கள் கண்டதே இல்லை.

உள்ளே கூப்பிட்டு மேசையில் இடம் ஒதுக்கினார். புட்டையும் பால்கறியையும் போட்டுக்கொண்டு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார்:

"பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. அந்த இனிப்புச் சோறு மிக நன்றாக இருந்தது. மறுபடியும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்."

இராசலட்சுமியின் டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். இலக்கணம் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் கேட்க வேண்டியதை அதில் அவள் கேட்டுவிடுவாள். "தட்டு வெறுமையாய் வந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்தேன்."

"கழுவித்தானே தந்தேன்?" ப்ரீபன் திகைத்துப் போனார். "கழுவாத தட்டைத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று என் அம்மா சொல்லுவார். பிறகு சாப்பாடு வரவில்லை. அதைக் கேட்பது அழகில்லை என்று இருந்துவிட்டேன்."

இராசலட்சுமி நெற்றியில் அடித்துக்கொண்டாள். பன்னிரண்டு பொங்கல் இப்படி வீணாய்ப் போயிருந்தது. "கடவுளே, இந்த மனுசனப் போயி என்னெல்லாம் திட்டினன்," என்று மகளிடம் தமிழில் சொன்னாள். "இதைச் சொல்லாத கா."

நிஷாந்தி அதைச் சொல்லவில்லை. வேறொன்றைக் கேட்டாள். நீங்களும் விண்ணப்பித்தீர்களா, விற்றுவிடுவீர்கள் என்றல்லவா நாங்கள் நினைத்தோம் என்றாள்.

"நானா?" என்றார் ப்ரீபன். "நீங்கள்தான் விற்பீர்கள் என்று நான் நினைத்தேன். உங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள். நல்ல விலை வந்தால் பிள்ளைக்காக விற்கத்தானே செய்வார்கள்? இரண்டையும் சேர்த்துக் கேட்டால் நல்லது என்று எனக்குத் தெரியும். ஆனால் அடுத்தவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவதா?" அவருக்கும் லோனே அதைப் போலவே சொல்லியிருந்தாள். மண் பரவாயில்லை, ஆனால் நகரத்துக்கு நேரே உணவாகப் போகிற விளைச்சல் இல்லை, தனியாக நின்றால் புள்ளி காணாது என்று. மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பண்ணைக்காரரும் விண்ணப்பித்திருப்பது ஊரில் தெரிந்த விஷயம், இரண்டு பேருக்கும் முன்னால் அவர்தான் நின்றார்.

இராசலட்சுமி எழுந்து பின்கதவைத் திறந்தாள். வேலிக்கு இப்பாலிருந்து, மட்டக்களப்பு வயலில் கூப்பிடுகிற குரலில் கத்தினாள்:

"இஞ்ச வாங்க! கெதியா வாங்க! சப்பாத்தக் கழட்டாம அப்படியே வாங்க!"

மாமாங்கம் வந்தார். ஒரு ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பிறகு ப்ரீபனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சேர்த்துப் போட்டால் பிறகு நீங்கள் ஒருநாளும் கிட்டங்கிக்காரனுக்கு விற்க முடியாது, பரவாயில்லையா? அதே கேள்வியைப் ப்ரீபன் அவரிடம் திருப்பிக் கேட்டார். இருவரும் தலையாட்டினார்கள். பேசாத இரண்டு ஆண்களின் பேச்சுவார்த்தை அவ்வளவில் முடிந்தது.

நிஷாந்தி அங்கிருந்தே கொம்மூனுக்குத் தொலைபேசி எடுத்தாள். இரண்டு விண்ணப்பங்களையும் மீளப் பெற்று ஒன்றாகப் போடலாமா என்று கேட்டாள். லோனே நாட்குறிப்பைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "விண்ணப்பம் மாற்றுவதற்கான கடைசித் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது," என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. ஆனால் குரலில் ஒரு சந்தோஷம் இருந்ததாக நிஷாந்தி சத்தியம் செய்கிறாள்.

வரிசையை முடிவு செய்யும் கூட்டம் நவம்பரில், எல்லாரும் வந்து கேட்கலாம் என்ற முறையில் நடந்தது. சேர்ந்த நிலம் முதலாவதாக வந்தது. நல்ல மண், நகரத்தின் ஓரம், பள்ளிக்கூடங்களுக்குப் போகும் மரக்கறி, நடுவில் பிளவில்லாத பரப்பு. இரண்டாவதாக வந்த பெரிய பண்ணைக்காரர் சும்மா இருப்பாரா? அவருடைய வழக்கறிஞர் எழுந்தார். அந்தக் குடும்பம் தாராளமாக உபசரிக்கிற குடும்பம் என்று கேள்வி, பார்க்கப் போனவர்கள் அங்கே ஏதாவது பெற்றுக்கொண்டார்களா என்று கேட்டார். இராசலட்சுமி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கிளாஸ் தண்ணீர்," என்றாள் லோனே. "உங்கள் கட்சிக்காரர் வீட்டிலும் அதுதான்."

வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். அந்த நிமிஷத்தில் இராசலட்சுமி உள்ளுக்குள் உருகிப் போனாள். அன்றைக்கு மூவரில் ஒருவர் ஒரு ரோல்ஸைக் கடித்திருந்தால் இன்று எல்லாம் போயிருக்கும். அவள் சமையலைத் தொடாமல் விட்டவர்களைப் போல அவளுக்கு உபகாரம் செய்தவர்கள் யாரும் இல்லை. நேர்மையான ஆட்கள் இருக்கிற இடத்தில் தன்னைக் கொண்டுவந்து விட்டதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னாள். புட்டை நிராகரித்ததைக்கூட மன்னித்துவிட்டாள். அவள் அளவில் அது பெரிய விஷயம்.

கையெழுத்து வைக்கும் நாள் ஒரு வாரத்துக்குப் பிறகு வந்தது. கொம்மூனின் சின்ன அறை ஒன்றில் நால்வரும் லோனேயும் உட்கார்ந்தார்கள். லோனே நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தாள். நிலத்தைப் பிரிக்கக்கூடாது. கட்டடம் கட்டக்கூடாது. யாருக்கு விற்றாலும், யார் பெயருக்கு மாறினாலும் அது விளைநிலமாகவே இருக்கும். நிஷாந்தி தமிழில் சொல்லச் சொல்ல மாமாங்கம் தலையாட்டிக்கொண்டு வந்தார். ப்ரீபன் பேனையைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.

"இது கொம்மூனையும் கட்டும்," என்று லோனே கடைசி நிபந்தனையை வாசித்தாள். "இனி வரும் எந்தத் திட்டத்திலும் கொம்மூன் இந்த நிலத்தை எடுக்க முடியாது."

நிஷாந்தி அதைச் சொன்னதும் இராசலட்சுமி நிமிர்ந்தாள்.

"ஆரு எடுக்க ஏலா?"

"கொம்மூன், அம்மா."

"கொம்மூன் எண்டா அரசாங்கம்தானே?"

"ஓம். இஞ்சத்த அரசாங்கம்."

"அரசாங்கமும் எடுக்க ஏலாதோ?"

"ஏலா."

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், இராசலட்சுமியின் தகப்பனுக்கு வயல் இருந்தது. அறுவடைக்குப் போன ஒருநாள் அதைச் சுற்றி அரசாங்கத்தின் கம்பிவேலி நின்றது. வேலி போட்டவர்கள் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. ஏன் என்று கேட்கப்போன தகப்பனை வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் நிலம் என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னதில்லை. இதை அவள் மாமாங்கத்துக்குக்கூட இரண்டொரு தரம்தான் சொல்லியிருக்கிறாள். மகளுக்குச் சொன்னதே இல்லை. இந்த ஆறு ஹெக்டேரை வாங்கிப் பன்னிரண்டு வருஷமாக விதைத்தபோதும், ஒருநாள் காலையில் எழும்பிப் பார்க்கும்போது கம்பிவேலி நிற்கும் என்ற பயம் அவளை விட்டுப் போகவில்லை. பேச்சும் சமையலும் சத்தமுமாக அவள் திரிந்ததில் பாதி அந்தப் பயத்துக்காகத்தான்.

"திரும்ப வாசிக்கச் சொல்லு கா," என்றாள்.

லோனே கடைசி நிபந்தனையைத் திரும்ப வாசித்தாள். நிஷாந்தி திரும்பத் தமிழில் சொன்னாள். மாமாங்கம் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

இராசலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. லோனேயைப் பார்த்துத் தன் தொழிற்சாலை டெனிஷில் கேட்டாள். "இன்னும் ஒரு தரம். தயவுசெய்து."

லோனே ஏன் என்று கேட்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு சொல்லாக, மூன்றாவது தரமும் வாசித்தாள்.